கடற்கோட்டையில் ஒரு ராத்திரி தங்கலாமா?



நம்ம திண்டுக்கல்லில் "ஓட்டல்" என்று சொன்னாலே பிரியாணி வாசம்தான் முதலில் மூக்கில் ஏறும். இந்தக் கட்டுரையில் வருகிற ஓட்டல் அது இல்லை. படுத்துத் தூங்குகிற ஓட்டல். அதுவும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் மாதிரி இல்லை. ஒரு காலத்தில் பீரங்கி வைத்துக் காவல் காத்த கடற்கரைக் கோட்டைக்குள் கட்டில் போட்டு, மெத்தை விரித்து, வாடகைக்கு விடுகிற ஓட்டல்!

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வரலாற்று வகுப்பில் மலைக்கோட்டை என்ற பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்கள். "அது சும்மாதானே கிடக்கு? ஓட்டலாக்கினால் ஊருக்கு வருமானம் வருமே, நாலு பேருக்கு வேலை கிடைக்குமே?" இது கிண்டல் செய்து தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. பதில் சொல்வதற்கு முன்னால், உண்மையிலேயே ஓட்டலான கடற்கோட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவோம், வாங்க.

புழங்காத வீடு பாழ்

ஆள் குடியிருக்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று நம்ம பாட்டிமார் சொல்வார்கள். ஒழுகினால் பார்க்க ஆள் இல்லை. சுவரில் அரசஞ்செடி முளைத்தால் பிடுங்க ஆள் இல்லை. ஒரு செடியின் வேர் போதும், சுவரைப் பிளந்துவிடும். கோட்டைக்கும் இதே கதைதான். சண்டை போட ராஜா இல்லை, காவல் காக்கச் சிப்பாய் இல்லை என்று ஆனதும் கோட்டைக்கு வேலை போய்விட்டது. வேலை போன கோட்டைக்கு ஒரு புது வேலை கொடுத்தால்தான் அது நிற்கும்.

உலகம் முழுவதும் கோட்டைகளுக்குக் கொடுத்த புது வேலைகள் சில உண்டு. சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், அருங்காட்சியகம், கடைசியாக ஓட்டல். நம்ம நாட்டின் சுற்றுலா அமைச்சகம் "பாரம்பரிய ஓட்டல்" என்று தனி வகையே வைத்திருக்கிறது. 1950-க்கு முன்னால் கட்டிய கோட்டை, அரண்மனை, மாளிகை போன்றவை அதற்குத் தகுதி பெறும்.

தரங்கம்பாடி: கோட்டையே பங்களாவான கதை

நமக்குக் கிட்டத்தில் இருக்கிற உதாரணத்தில் இருந்து ஆரம்பிப்போம். திண்டுக்கல்லில் பஸ் ஏறி திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, பொறையாறு என்று போனால் தரங்கம்பாடி வரும். கடலை ஒட்டி நிற்பது டான்ஸ்போர்க் கோட்டை. கட்டியவர்கள் ஆங்கிலேயரும் இல்லை, பிரெஞ்சுக்காரரும் இல்லை, டென்மார்க் தேசத்துக்காரர்கள்.

1620-ல் ஓவே யெட்டே என்ற டேனிஷ் கப்பல் தளபதி வந்து, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மிளகு முதலான சரக்கு வியாபாரத்துக்காகக் கோட்டை எழுந்தது. கீழ்த்தளத்தில் சரக்கும் வெடிமருந்தும். மேல்தளத்தில் ஆளுநர், பெரிய வியாபாரிகள், பாதிரியார்கள் தங்கும் அறைகள், ஒரு சிறிய தேவாலயம். சுற்றிலும் அகழி, அதன் மேல் தூக்குப்பாலம். அகழி இன்று இல்லை. ஆக, முதல் நாளில் இருந்தே அது பாதி கிடங்கு, பாதி தங்கும் விடுதிதான்!

விருப்பம் இல்லாமல் தங்கியவர்களும் உண்டு. தமிழ் அச்சு வரலாற்றில் நாம் படிக்கிற சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடி வந்தார். டேனிஷ் ஆளுநரோடு தகராறு வந்து, 1708 கடைசியில் இந்தக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். சுமார் நாலு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் அவர் அச்சுக்கூடம் நிறுவி, தமிழில் புத்தகங்களை அச்சிட்டார்.

1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு வேலை போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1978 வரை, நம்ம அரசு அதை ஆய்வு மாளிகையாக வைத்திருந்தது. ஆய்வு மாளிகை என்றால் வெளியூரில் இருந்து வருகிற அதிகாரிகள் தங்குகிற பங்களா. அதாவது கடற்கோட்டையில் ராத்திரி தங்குவது தமிழ்நாட்டில் ஒரு முப்பது வருஷம் நடந்தே இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டில் நம்மளை மாதிரி ஆட்களுக்கு இல்லை!

1978-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை கோட்டையைக் கையில் எடுத்து அருங்காட்சியகமாக்கியது. பீங்கான் பாத்திரம், வாள், ஈட்டி, திமிங்கில எலும்பு என்று பல பொருட்கள் அங்கே உண்டு. 2000-க்குப் பிறகு டென்மார்க்கில் உள்ள தரங்கம்பாடி சங்கமும் நம்ம தொல்லியல் துறையும் சேர்ந்து பழுது பார்த்தன. டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அப்படியானால் ஓட்டல் எங்கே? கோட்டைக்குப் பக்கத்திலேயே! ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பங்களா ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. நீம்ரானா என்ற நிறுவனம் அதைப் புதுப்பித்துத் தங்கும் ஓட்டலாக்கியது. அறைகளுக்குப் பழைய டேனிஷ் கப்பல்களின் பெயர்களை வைத்தார்கள். கோட்டை ஊருக்கு, பங்களா விருந்தாளிக்கு என்று பிரித்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

* உங்களுக்குத் தெரியுமா? *
ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில், தமிழில் எழுதப்பட்டது. அது இன்னமும் கோபன்ஹேகன் நகரில் பத்திரமாக இருக்கிறது.

கோவா: கிழமைகளின் பெயரில் அறைகள்

கோவாவின் வடக்கு ஓரத்தில், ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் ஒரு சின்னக் குன்று. அதன் மேல் திராகோல் கோட்டை. சாவந்த்வாடி ராஜாக்கள் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1746-ல் போர்ச்சுகீசியர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே அந்தோணியார் தேவாலயம் இருக்கிறது.

1954 ஆகஸ்ட் 15 அன்று கோவா விடுதலைக்காகப் போராடிய சத்தியாகிரகிகள் ஆயுதம் இல்லாமல் இந்தக் கோட்டைக்குள் நுழைந்து நம்ம தேசியக் கொடியை ஏற்றினார்கள். பிறகு கைது செய்யப்பட்டார்கள். கோவாவுக்கு விடுதலை கிடைத்தது 1961-ல்தான்.

இவ்வளவு நடந்த இடம் பின்னாளில் ஓட்டலானது. மொத்தம் 7 அறைகள். திங்கள், செவ்வாய், புதன் என்று ஆளுக்கொரு கிழமைப் பெயர்! "எந்த ரூமில் தங்கினாய்?" என்று கேட்டால் "வெள்ளிக்கிழமையில்" என்று பதில் சொல்ல வேண்டியதுதான். படிக்க வேடிக்கையாக இருக்கிறது இல்லையா? ஆனால் ஒன்று யோசியுங்கள். 7 அறை என்றால் ஒரு ராத்திரிக்குப் பதினைந்து பேர் தங்கலாம். கொடி ஏறிய இடத்தைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து இரண்டு பஸ்ஸில் பிள்ளைகள் வந்தால், விருந்தாளிகள் காபி குடிக்கிற முற்றத்தில் எங்கே போய் நிற்பார்கள்?

இலங்கை: இரண்டு கோட்டை, இரண்டு வழி

யாழ்ப்பாணப் பக்கம் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில், கடலுக்குள்ளேயே நிற்கிறது ஹம்மன்ஹீல் கோட்டை. படகில்தான் போக முடியும். போர்ச்சுகீசியர் கட்டியது. 1658-ல் டச்சுக்காரர் முற்றுகை போட்டபோது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லாமல் போனதால் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். நாலு பக்கமும் தண்ணீர், நாக்கு நனைக்க ஒரு சொட்டு இல்லை! டச்சுக்காரர்கள் கண்ணுக்கு இலங்கைத் தீவின் வடிவம் பன்றித்தொடை மாதிரித் தெரிந்ததாம். அதன் குதிகால் பக்கம் இந்தக் கோட்டை இருந்ததால் அந்தப் பெயர்.

பிற்காலத்தில் தொற்றுநோய் ஆஸ்பத்திரியாக இருந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு கைதிகளை அடைத்த சிறையாகவும் இருந்தது. 2009-ல் போர் முடிந்தபின் இலங்கைக் கடற்படை அதைத் தங்கும் விடுதியாக்கியது. நோயாளி படுத்த இடம், கைதி படுத்த இடம், இப்போது சுற்றுலாப் பயணி படுக்கிற இடம். அந்த அறையில் தங்குகிறவருக்கு அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்பது தெரிய வேண்டாமா? வசதியான மெத்தை போட்டதும் பழைய கதை மெத்தைக்கு அடியில் போய்விடக் கூடாது.

தெற்கே காலி நகரில் வேறு வழி. காலிக் கோட்டை ஒரு முழு ஊர். உள்ளே வீடுகள், கடைகள், கோர்ட்டு, பள்ளிவாசல், தேவாலயம், கலங்கரை விளக்கம், பெண்கள் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. ஓட்டலும் உண்டு. 1684-ல் டச்சுக்காரர் கட்டிய ஒரு கட்டடம் 1865-ல் ஓட்டலானது. 1988-ல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காலி நகரம் பெரிய சேதம் அடைந்தபோதும், கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது. பல நூறு வருஷத்துக்கு முந்தைய சுவர் இந்தக் காலத்திலும் வேலை செய்திருக்கிறது பார்த்தீங்களா? காரணம், அது புழக்கத்தில் இருந்த கோட்டை. கேட்பார் இல்லாமல் கிடந்த கோட்டை இல்லை.

உப்புக்காற்றும் குளியலறையும்

கடற்கோட்டையை ஓட்டலாக்குவது கட்டில் வாங்கிப் போடுகிற வேலை மட்டும் இல்லைங்க. அறிவியல் பாடம் இங்கேதான் வருகிறது.

முதல் எதிரி உப்பு. கடல் ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பும் கூடவே ஏறும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு மட்டும் சுவருக்குள் தங்கிப் படிகமாகும். படிகம் பெரிதாகப் பெரிதாகப் பூச்சைத் தள்ளி உதிர்த்துவிடும். உப்புத் தண்ணி போர் போட்ட வீடுகளில் சுவர் அடியில் வெள்ளை பூத்துப் பொரிந்து கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், கடற்கரையில் பல மடங்கு.

பழைய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருக்கும். ஈரம் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும். அவசரத்துக்கு அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பவர்கள் மறுபடியும் சுண்ணாம்பையே தேடுகிறார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் கவலை.

இரண்டாவது எதிரி நம்ம வசதி. ஓட்டல் என்றால் ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வேண்டும். கோட்டை கட்டியவர் அறைக்கு அறை குளியலறை கட்டவில்லை. குழாய் கொண்டுபோகத் தடித்த சுவரைக் குடைய வேண்டும். ஏ.சி. மாட்ட வேண்டும். கழிவுநீருக்குத் தொட்டி தோண்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் கோட்டைக்கு ஒரு காயம். ஒரு தடவை குடைந்த சுவரைப் பழையபடி ஆக்க முடியாது.

மூன்றாவது எதிரி கடலே. தரங்கம்பாடியில் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் அலை கொண்டுபோய்விட்டது.

இத்தனை செலவையும் யாராவது செய்துதானே ஆக வேண்டும்? ஓட்டல்காரர் செய்கிறார், அதற்குப் பதிலாக வாடகை வாங்குகிறார். இது அந்தப் பக்கத்து நியாயம். காசு கொடுக்க முடியாதவர் வாசலோடு நிற்கிறார். இது இந்தப் பக்கத்து நியாயம். இரண்டையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்ம மலைக்கோட்டைக்கு வருவோம்

கடலில் இருந்து வெகு தூரம் வந்துவிட்டோம். நம்ம மலைக்கோட்டைக்கு உப்புக்காற்று பயம் இல்லை. 1605-ல் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை இது. ஹைதர் அலி 1755-ல் இங்கே பொறுப்பேற்று வந்தார். திப்புவோடு நடந்த போரில் 1790-ல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். 1792 உடன்படிக்கைக்குப் பிறகு அவர்கள் கையிலேயே இருந்தது. மேலே ஆயுதக் கிடங்கு, சிப்பாய்கள் தங்கிய அறைகள், பீரங்கி மேடை, சாமி சிலை இல்லாத கோயில், பாறையில் தண்ணீர் தேங்குகிற சுனைகள் எல்லாம் இருக்கின்றன. ஹம்மன்ஹீல் கோட்டை தண்ணீர் இல்லாமல் சரணடைந்தது ஞாபகம் இருக்கிறதா? மொட்டைப் பாறை மேல் சுனைக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போது புரியும்.

இதை ஓட்டலாக்கலாமா? சட்டப்படி முடியாது. மலைக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958-ஆம் வருஷச் சட்டமும் 1959 விதிகளும் இதற்குப் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் அனுமதி இல்லாமல் கட்டடம் கட்டக் கூடாது. 2010-ல் செய்த திருத்தத்தின்படி சுற்றிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பகுதி. சுவரில் கிறுக்கினாலோ, உடைத்தாலோ 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் இருக்கட்டும். நியாயம் என்ன? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஓட்டல் வந்தால் வேலை வரும் என்பது உண்மை. அந்த வேலையைக் கோட்டைக்குள்தான் தேட வேண்டும் என்பது இல்லை. தரங்கம்பாடி வழியைப் பாருங்கள். கோட்டை எல்லோருக்கும், பக்கத்தில் உள்ள பழைய பங்களா ஓட்டலுக்கு. நம்ம ஊரிலும் பழைய பெரிய வீடுகள் எத்தனையோ பூட்டியே கிடக்கின்றன. பூட்டுக்குப் பேர்போன ஊர்தான், 2019-ல் நம்ம பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எல்லா வீட்டையும் பூட்டியே வைக்க வேண்டுமா? அப்படி ஒரு வீட்டைத் திறந்து விருந்தாளிகளுக்கு விட்டால் வேலையும் வரும், வீடும் பிழைக்கும், கோட்டையிலும் யாரும் குழாய்க்குச் சுவரைக் குடைய வேண்டாம்.

ஆனால் "ஓட்டல் வேண்டாம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. ஓட்டல் இல்லை என்றால் புழக்கத்தை யார் கொடுப்பது? நாம்தான். சுண்ணாம்புச் சுவரில் ஆணியால் கீறிய பெயர்களும், சுனையில் மிதக்கிற தண்ணீர் பாக்கெட்டும் ஓட்டல்காரர் போட்டதில்லை. மலைக்கோட்டை தெரிகிற தூரத்தில் படித்துக்கொண்டு, பத்தாவது முடிக்கிறவரை ஒரு தடவைகூட மேலே ஏறாதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். ஊர்க்காரர் ஏறாத கோட்டையைத்தான் வெளியூர்க்காரர் "சும்மா கிடக்கு" என்று சொல்வார்கள்.

செய்யக்கூடிய மூன்று காரியங்கள்

1. பருவத்துக்கு ஒரு தடவை வகுப்பு வகுப்பாக மலைக்கோட்டைக்குப் போவது. தலைமையாசிரியர் அய்யாவுக்கு இது எங்கள் வகுப்பின் வேண்டுகோள்.

2. எத்தனை சுனை, எந்தச் சுவரில் செடி முளைத்திருக்கிறது, எங்கே பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுதி, தொல்லியல் துறை அலுவலகத்துக்குக் கடிதம் போடுவது. செடியை நாமே பிடுங்கக் கூடாது. கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

3. பழைய முறையில் சுண்ணாம்பு அரைத்த கொத்தனார் தாத்தா யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது. அடுத்த இதழில் இந்தப் பலகையிலேயே ஒட்டுவோம்.

கடற்கோட்டையில் ஒரு ராத்திரி தங்க ஆசை இருந்தால் தப்பே இல்லை. சம்பாதித்துப் போய்த் தங்குங்கள். அதற்கு முன்னால், டிக்கெட் எடுத்தால் நம்மையும் உள்ளே விடுகிற கோட்டைக்கு ஒரு பகல் போய் வாருங்கள்.

இந்த இதழின் கேள்விகள்

1. தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியவர்கள் எந்த நாட்டினர்?
2. கிழமைகளின் பெயரில் அறைகள் கொண்ட கோட்டை எது?
3. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு ஏன் பூசக் கூடாது?

விடைகள் மேலேயே இருக்கின்றன. அவசரமாகப் படித்தவர்கள் மறுபடியும் படிக்கவும்!